வீட்டில் கணக்குச் சொல்லிக் கொடுக்க எந்தப் புத்தகம்?

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் கல்விக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



விழா மேடையில் பழைய நினைவுகளைப் பேசுவதுதான் வழக்கம். சங்கம் எங்களிடம் கேட்டது வேறு. கனடாவிலும் இங்கிலாந்திலும் பிள்ளைகளை வீட்டில் வைத்துப் படிப்பிக்கும் நம் சகோதரிகள் சிலர், "சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க எந்தப் புத்தகத்தை எடுக்கலாம்?" என்று எழுதிக் கேட்டிருந்தார்கள். நோயினாலும் தூரத்தினாலும் அடிக்கடி பாடசாலையைத் தவறவிடும் பிள்ளைகளின் தாய்மார் இங்கேயும் அதையே கேட்கிறார்கள். எங்களுக்கு இதில் கொஞ்சம் அனுபவம் உண்டு. அதில் பிழைவிட்ட அனுபவமே அதிகம். அதை அப்படியே சொல்கிறோம்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறோம். பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து நிறுத்துங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. நம் நாட்டில் 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். அதைப் பெற நம் முன்னோர் பட்ட பாடு நமக்குத் தெரியும். 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் 6 வயது முதல் 10 வயது வரையுள்ள தோட்டப் பிள்ளைகளின் படிப்பைத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாக்கியது. ஆனாலும் பல இடங்களில் லயத்து ஓரத்தில் ஒரு கொட்டகையும் ஓர் ஆசிரியருமே கிடைத்தன. 1945இல் இலவசக் கல்வி வந்த பிறகும் தோட்டப் பாடசாலைகளுக்கு விடியவில்லை. 1970களில் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கிய பிறகே நிலைமை மாறியது. அப்படிக் கிடைத்த பாடசாலையை நாம் விட்டுக்கொடுக்க மாட்டோம்.

ஆனால் 2020 மார்ச் மாதத்தில் பாடசாலையே மூடப்பட்டது. ஊரடங்கிலும் தோட்ட வேலை நிற்கவில்லை. அம்மாமார் காலையில் பெரட்டுக்களத்துக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகள் காம்பராவில் பாட்டியோடு இருப்பார்கள். கைத்தொலைபேசியில் பாடம் வரும் என்றார்கள். எத்தனை வீட்டில் தொலைபேசி, எத்தனை மலையில் சிக்னல்? நம் மாவட்டத்தின் போகிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் சிக்னலைத் தேடிக் காட்டு வழியே பாறை ஏறிய படம் 2021இல் உலகப் பத்திரிகைகளில் வந்தது. அந்த நாட்களில் நம் சங்கத்துப் பெண்கள் சிலர், அவரவர் வீட்டுத் திண்ணையில் தம் பிள்ளைகளோடு அயல் லயத்துப் பிள்ளைகள் நாலைந்து பேரையும் உட்கார வைத்துக் கணக்குச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினோம். எங்களில் பாதிப் பேர் ஆசிரியைகள் அல்ல.

முதல் பிழை புத்தகத்தில் நடந்தது. வெளிநாட்டில் அச்சான, வண்ணப்படம் நிறைந்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றை எங்களில் ஒருவர் வாங்கினார். நல்ல புத்தகம்தான். ஆனால் அதில் பவுணும் பென்சும் பனிமனிதனும் இருந்தன. கேள்வி என்னவென்று விளக்கவே அரை மணி நேரம் போனது. பிறகு இரண்டாவது பிழையைச் செய்தோம். புலமைப்பரிசில் பரீட்சையின் கடந்தகால வினாத்தாள்களைக் கட்டுக்கட்டாகப் பிரதி எடுத்து, நாலாம் தரப் பிள்ளைகளுக்கே கொடுத்தோம். பரீட்சைக்கு முந்திக்கொள்கிறோம் என்று நினைத்தோம்.

நாலாம் தரத்துப் பிள்ளையொருத்தி மூன்றாவது வாரம் வரவில்லை. ஆள் அனுப்பிக் கேட்டபோது, "எனக்குக் கணக்கு வராது டீச்சர், நான் அம்மாயிக்குத் தண்ணி எடுத்துக் குடுக்குறேன்" என்று சொல்லி அனுப்பினாள். எங்களில் இருவர் ஒரு பின்னேரம் அவள் வீட்டுக்குப் போனோம். அப்போதுதான் அவள் அம்மா கொழுந்து மடுவத்திலிருந்து வந்திருந்தார். மூன்று நிறுவையும் சேர்த்து அன்று 23 கிலோ. அந்தத் தோட்டத்தில் அப்போது ஒரு பேருக்கு 18 கிலோ. மேலதிகக் கிலோவுக்கு 40 ரூபா. நாங்கள் வாய் திறப்பதற்குள் அந்தப் பிள்ளை சொன்னாள்: "அஞ்சு கிலோ கூட. ரெண்டு கிலோவுக்கு எம்பது, நாலுக்கு நூத்தி அறுவது, இன்னொன்னுக்கு நாப்பது. எரநூறு ரூவா வரும்மா."

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கொப்பியில் 40ஐ 5ஆல் பெருக்கச் சொன்னபோது, பூச்சியத்தைப் பெருக்கினால் ஒன்றுமில்லை என்று அதை விட்டுவிட்டு, 20 என்று எழுதியவள் இதே பிள்ளைதான்.

பிறகு தேடிப் படித்தபோது, இது நம் தோட்டத்தில் மட்டும் நடப்பதல்ல என்று அறிந்தோம். பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரில் தெருவில் பொருள் விற்கும் பிள்ளைகள் ஐவரிடம் ஆய்வாளர்கள் கணக்குக் கேட்டுப் பார்த்து, 1985இல் வெளியிட்டார்கள். கடையில் வாங்குபவர்போல் நின்று கேட்டபோது, நூற்றுக்கு 98 விடைகள் சரியாக வந்தன. அதே கணக்கைத் தாளில் வெறும் இலக்கமாகக் கொடுத்தபோது, சரியானவை நூற்றுக்கு 37தான். அந்தப் பிள்ளைகளுக்குக் கணக்குத் தெரியாமலில்லை. தெரிந்த கணக்குக்கும் தாளில் உள்ள இலக்கத்துக்கும் இடையில் பாலம் இல்லை. நல்ல புத்தகம் அந்தப் பாலத்தைக் கட்டவேண்டும். நாங்கள் கொடுத்த வினாத்தாள் அதைக் கட்டவில்லை.

ஆகவே, புத்தகம் தேடும் சகோதரிகளே, தேடுமுன் பிள்ளையைப் பாருங்கள். பத்து நிமிடம் போதும். ஒரு பிடி ஈர்க்கைக் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். பத்துப் பத்தாகக் கட்டுகிறதா, ஒவ்வொன்றாகவே எண்ணுகிறதா? 43இல் உள்ள 4 எத்தனை என்று கேளுங்கள். நாற்பது என்கிறதா, நாலு என்கிறதா? நூறு ரூபா கொடுத்து 65 ரூபாவுக்குச் சாமான் வாங்கினால் மிச்சம் என்ன? இந்த மூன்றுக்கும் வரும் விடை, பிள்ளை நிற்கும் இடத்தைக் காட்டும். அந்த இடத்திலிருந்து தொடங்குங்கள். பிள்ளை நாலாம் தரமாக இருந்தாலும், நிற்கும் இடம் இரண்டாம் தரமானால், இரண்டாம் தரப் புத்தகத்தை எடுப்பதில் வெட்கமில்லை.

இரண்டாவது, பிள்ளை எந்த மொழியில் எண்ணுகிறதோ அந்த மொழியில் கற்பியுங்கள். நம் மொழியில் எண்பதுக்குப் பிறகு தொண்ணூறு வருகிறது. அதில் நூறு என்ற ஒலி இருக்கிறது. தொள்ளாயிரத்தில் ஆயிரம் என்ற ஒலி இருக்கிறது. எங்கள் திண்ணையில் ஒரு சிறுவன் தொண்ணூற்று மூன்றை 903 என்று எழுதினான். அவன் முட்டாளல்ல, காதால் கேட்டதை எழுதினான். ஒன்பது கட்டு ஈர்க்கும் மூன்று தனி ஈர்க்கும் வைத்துக் காட்டியபின் திருத்திக்கொண்டான். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட எந்தப் புத்தகமும் இந்தப் பள்ளத்தைப் பற்றி உங்களை எச்சரிக்காது. வெளிநாட்டில் பிள்ளை ஆங்கிலத்தில் எண்ணினால் ஆங்கிலத்திலேயே கற்பியுங்கள். தமிழ் எண்களை அப்பால் ஒரு விளையாட்டாகச் சொல்லிக் கொடுங்கள். இரண்டையும் ஒரே மூச்சில் திணிக்க வேண்டாம்.

மூன்றாவது, புத்தகம் பொருளிலிருந்து படத்துக்கும், படத்திலிருந்து இலக்கத்துக்கும் போகிறதா என்று பாருங்கள். இந்த ஒழுங்கை அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960களில் விளக்கினார். அதை அடிப்படையாகக் கொண்டு சிங்கப்பூர் 1980களில் தன் ஆரம்பக் கணித நூல்களை ஆக்கியது. பிற்பாடு அமெரிக்காவில் வீட்டில் படிப்பிக்கும் பெற்றோரும் அவற்றைத் தேடி வாங்கினார்கள். 1944இல் இலங்கைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த மரியா மொண்டிசோரி அம்மையார், ஒன்று, பத்து, நூறு, ஆயிரம் என்று மணிகளைக் கோத்துப் பிள்ளையின் கையில் கொடுத்தவர். விலையுயர்ந்த மணி நமக்குத் தேவையில்லை. ஈர்க்கும் ரப்பர் வளையமும் போத்தல் மூடியும் போதும்.

நான்காவது, வீட்டில் கற்பிக்கப்போகிறவர் யார் என்று பாருங்கள். இதை நாங்கள் கடைசியில்தான் யோசித்தோம், முதலில் யோசித்திருக்க வேண்டும். அம்மா மலையில் நிற்கும்போது பாட்டியோ மூத்த அக்காவோதான் பிள்ளையோடு இருக்கிறார். அவருக்குப் புரியாத புத்தகம், எவ்வளவு சிறந்ததானாலும், அந்த வீட்டுக்கு உதவாது. எங்கள் பாட்டிமார் சிலருக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அரைக்கால், வீசம் என்ற சொற்களை வாயில் வைத்திருந்தார்கள். அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று, வீசம் என்றால் பதினாறில் ஒன்று. ஒரு ரொட்டியைப் பாதியாக்கி, மறுபடி பாதியாக்கி, மறுபடியும் பாதியாக்கி அரைக்காலைக் காட்ட, அவர்களுக்கு எந்தப் பயிற்சியும் தேவைப்படவில்லை. பின்னம் படிப்பித்தவர்கள் அவர்கள்தான்.

இப்படி எல்லாம் பார்த்தபின் நாங்கள் எதைத் தெரிந்தோம்? கேட்டால் சிரிப்பீர்கள். அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கும் கணிதப் பாடநூலைத்தான். அது பிள்ளையின் பையிலேயே இருந்தது. கூடவே தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டியையும் எடுத்தோம். பாடநூலை மட்டும் வைத்துக்கொண்டு, பக்கம் மெல்லியது, பயிற்சி குறைவு என்று குறை சொல்கிறோம். எந்தப் பொருளைக் கையில் கொடுக்க வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்பது வழிகாட்டியில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் அது முழுமை. பாடசாலை திறந்ததும் பிள்ளை அதே வழியில் தொடரலாம் என்பது இன்னொரு நன்மை. வெளிநாட்டிலுள்ள சகோதரிகளும் முதலில் தங்கள் ஊர்ப் பாடசாலையின் பாடத்திட்டத்தைப் பாருங்கள். பிள்ளை என்றாவது அந்த வகுப்பறைக்குத் திரும்ப நேரலாம்.

பயிற்சி போதாது என்ற குறை உண்மைதான். அதற்கும் வழி கண்டோம். 1954இல் ஜப்பானின் ஒசாக்காவில், டோரு குமொன் என்ற கணித ஆசிரியர், இரண்டாம் தரத்தில் படித்த தம் மகனுக்காக நாளாந்தம் பயிற்சித் தாள்களைக் கையால் எழுதினார். அதுவே பின்னர் உலகெங்கும் பரவிய முறையாயிற்று. தகப்பன் தன் பிள்ளைக்கு எழுதிய தாள் அது. நாங்களும் எழுதினோம். நாளுக்கு ஒரு தாள், பத்துக் கணக்கு. ஏழு நேற்றுப் படித்தது, இரண்டு போன மாதம் படித்தது, ஒன்று கொழுந்து, கடை, ரயில் என்று வீட்டுக் கணக்கு. இரவு அம்மா வந்ததும் அந்த ஒன்றை மட்டும் பிள்ளை வாயால் சொல்லிக் காட்ட வேண்டும். வாய்பாட்டையும் விடவில்லை. விளங்கிய பிறகு மனனம் செய்ய வைத்தோம். கடந்தகால வினாத்தாள் கடைசியாக வந்தது. ஒரு வருடம் முடியும்வரை புத்தகத்தை மாற்றுவதில்லை என்றும் எங்களுக்குள் தீர்மானித்துக்கொண்டோம். கணக்கு வராத பிள்ளைக்கு மாதமொரு புதுப் புத்தகம் வாங்குவது, காய்ச்சல் பிள்ளைக்கு நாளொரு மருந்து மாற்றுவது போன்றது.

அந்தப் பிள்ளையை அப்படித்தான் திரும்ப அழைத்தோம். அவள் சொன்ன "ரெண்டுக்கு எம்பது, நாலுக்கு நூத்தி அறுவது" என்பதையே கொப்பியில் எழுத வைத்தோம். பிறகு நாலு பத்துக் கட்டுகளை ஐந்து முறை அடுக்க வைத்தோம். பூச்சியம் எங்கே போகிறது என்று அவளே கண்டுபிடித்தாள். 2022 ஜனவரியில் நடந்த புலமைப்பரிசில் பரீட்சையில் அவள் வெட்டுப்புள்ளி எடுக்கவில்லை. அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் கணக்கு வராது என்று பிறகு ஒருநாளும் சொல்லவில்லை. தொடர்ந்து படிக்கிறாள்.

சகோதரிகளே, நம் கொள்ளுப்பாட்டிமார் காலத்தில் துண்டு முறை இருந்தது. தோட்டம் மாறப் போகும் தொழிலாளியின் கடன் எவ்வளவு என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதப்பட்டிருக்கும். அந்த இலக்கத்தை வாசிக்கத் தெரியாதவர்கள் அதைச் சுமந்தார்கள். 1921இல் அது சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இன்று நம் கைக்கு வருவது சம்பளத் துண்டு. முழுப் பேர் எத்தனை, அரைப் பேர் எத்தனை, மேலதிகக் கிலோ எத்தனை, கழித்தது எதற்கு என்று அதில் இருக்கிறது. அந்தப் பிள்ளை இப்போது மாதந்தோறும் அம்மாவின் நிறுவைகளைக் கொப்பியில் எழுதி, சம்பளத் துண்டோடு ஒப்பிடுகிறாள். ஒரு மாதம் அரைப் பேர் வித்தியாசம் வந்தது. திரும்ப எண்ணிப் பார்த்தபோது பிழை அவள் கொப்பியில்தான் இருந்தது. அவளே கண்டுபிடித்துத் திருத்தினாள். எங்களுக்கு அது போதும்.

எழுதிய தாள்களையெல்லாம் தரம் தரமாகக் கட்டிச் சங்க அலுமாரியில் வைத்திருக்கிறோம். வேண்டியவர்கள் பிரதி எடுத்துக்கொள்ளலாம். எங்கள் தாள்களில் பிழை கண்டால் சொல்லுங்கள். உங்கள் அயலில் பாடசாலைக்கு ஒழுங்காகப் போக முடியாத ஒரு பிள்ளை இருந்தால், நாளுக்கு அரை மணி நேரம் கொடுங்கள். புத்தகம் ஏற்கனவே அந்தப் பிள்ளையின் பையில் இருக்கிறது.