சாலைக்கு ஒரு பெல்ட், பந்தயத்துக்கு ஒரு பெல்ட்

(முன்னாள் மாணவர் சந்திப்பின் தொழில்நுட்ப அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஜவுளிப் படிப்பு படித்தவனுக்குக் காரைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று மெக்கானிக்கல் நண்பர்கள் கேட்கலாம். காரில் எஞ்சின் உங்களுடையது, கியர் பாக்ஸ் உங்களுடையது. ஆனால் விபத்து நடக்கிற அந்தக் கண நேரத்தில் உயிரைப் பிடித்து வைத்திருப்பது ஒரு துணி. சீட் பெல்ட் என்பது நெய்த நாடா. நாடா நெய்வதுதான் என் பிழைப்பு. உள்ளாடைக்கு எலாஸ்டிக், பைகளுக்குக் கைப்பிடிப் பட்டை, இப்படி.

இரண்டு மூன்று வருடங்களாக எங்களிடம் ஒரு புதுவிதமான வாடிக்கையாளர் வருகிறார். இளைஞர். பழைய ஹாட்ச்பேக் ஒன்றை வாங்கி, சஸ்பென்ஷனை இறக்கி, ஞாயிற்றுக்கிழமை செட்டிபாளையம் ட்ராக்குக்குப் போகிறவர். "அண்ணா, ரெண்டு இஞ்ச் பட்டை சிவப்புல இருக்குதுங்களா? நாலு பாயிண்ட் ஹார்னஸ் தைச்சுக்கலாம்னு இருக்கோம். பவர் டேபிள்காரர் ரெடியா இருக்காருங்க" என்பார். நம் ஊரில் எதையும் தைத்துவிடலாம் என்ற நம்பிக்கை இருக்கிறது. அது நல்ல நம்பிக்கைதான், இந்த ஊரை வளர்த்ததும் அதுதான். இந்த ஒரு சாமானுக்கு மட்டும் அது ஆகாது. ஏன் ஆகாது என்பதைக் கணக்கோடு சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம். நம் அவிநாசி ரோட்டில் இதை வேகம் என்றே யாரும் மதிப்பதில்லை. விநாடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர். சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து விழுகிறவன் தரையைத் தொடும்போது உள்ள வேகம் இதுதான். கார் ஒரு சுவரில் மோதுகிறது. முன்பக்கம் நசுங்குவதும் பெல்ட் கொஞ்சம் நீளுவதும் சேர்ந்து உங்கள் உடம்பு அரை மீட்டருக்குள் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலாம் ஆண்டு இயற்பியல் போதும்: புவியீர்ப்பைப்போல் 20 மடங்கு. 70 கிலோ ஆள் அந்த நேரத்தில் பெல்ட்டை 1,400 கிலோ எடையோடு இழுக்கிறார். ஒரு சிறிய காரையே நாடாவில் கட்டித் தொங்கவிடுவதற்குச் சமம்!

அதனால்தான் சர்வதேச விதியான ஈ.சி.ஈ. 16, பெல்ட் பட்டை குறைந்தது 1,470 டெகாநியூட்டன், அதாவது சுமார் ஒன்றரை டன் இழுவைக்குத் தாங்க வேண்டும் என்கிறது. வெயிலில் வைத்துச் சோதித்த பிறகும் அந்த அளவுக்குக் குறையக்கூடாது. அகலம் 46 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது; அதையும் பட்டை இழுபட்டிருக்கும்போது அளக்க வேண்டும். சும்மா மேஜையில் விரித்து வைத்து அளந்தால் செல்லாது.

வழக்கமான ஒரு கார் பெல்ட்டில் 1,100 டெசிடெக்ஸ் கொண்ட ஹை டெனாசிட்டி பாலியஸ்டர் பாவு நூல் 320 இழை வரை ஓடும். நம் கணக்கில் சொன்னால் அது 5 கவுண்டுக்குச் சற்று மேல். பனியனுக்கு 30 கவுண்ட், 34 கவுண்ட் ஓட்டுகிற நாம் அதைக் கயிறு என்றுதான் சொல்வோம். நெய்த பிறகு சூட்டில் பதப்படுத்துகிறார்கள். பெல்ட் ஓரளவு நீள வேண்டும், ஆனால் எலாஸ்டிக்போலத் திரும்பிச் சுண்டக்கூடாது. சுண்டினால் ஆளைப் பின்னால் தூக்கி அடிக்கும். நீண்ட இடத்திலேயே நின்று, மோதலின் சக்தியைத் தனக்குள் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு பெரிய விபத்தைப் பார்த்த பெல்ட்டைத் தூக்கிப்போடச் சொல்வது இதனால்தான். பார்வைக்குப் புதிதுபோல இருக்கும்; உள்ளே இழை தன் வேலையை முடித்திருக்கும். உடைத்த வண்டியிலிருந்து கழற்றிய பெல்ட்டைப் பாதி விலைக்கு வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பைக்குப் போடுகிற பட்டை பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். அது 165 டிகிரி வாக்கில் உருகும்; பாலியஸ்டர் 250-க்கு மேல். வெயில் தாங்கும் குணமும் பாலிப்ரொப்பிலீனுக்குக் குறைவு. அடுத்தது தையல். ஓவர்லாக்கிலும் பிளாட்லாக்கிலும் விழுவது சங்கிலித் தையல் வகை. ஒரு முனையைச் சரியாகப் பிடித்து இழுத்தால் பிரிந்து வரும் என்பது கைமடிக்கிற பெண்களுக்கே தெரியும். பனியன் விளிம்பை மடக்க வைத்திருக்கும் நூலை ஒன்றரை டன்னுக்கு நம்பலாமா? நிஜமான பெல்ட்டில் தடித்த பாலியஸ்டர் நூலில், கணக்குப் போட்ட வடிவத்தில் பூட்டுத் தையல் போட்டு, அந்த இணைப்பை இழுத்து உடைத்துப் பார்த்த பிறகுதான் விற்பனைக்கு விடுகிறார்கள். நம் பவர் டேபிள் அண்ணன் எவ்வளவு கைராசிக்காரராக இருந்தாலும், தைத்ததை உடைத்துப் பார்க்க அவரிடம் மெஷின் கிடையாது.

சரி, சொந்தத் தையல் வேண்டாம், நல்ல கம்பெனி ஹார்னஸே வாங்கித் தினமும் ஓட்டுகிற காரில் மாட்டிக்கொள்கிறேன் என்பார் அடுத்தவர். நான்கு முனை பெல்ட் மூன்று முனையைவிட ஒன்று கூடுதல்தானே? இங்கேதான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள்.

நான்கு முனை ஹார்னஸில் தோள் பட்டை இரண்டும் இடுப்புப் பட்டையின் நடுவில் உள்ள பக்கிளில் வந்து சேருகின்றன. மோதும்போது மார்பு முன்னால் போகிறது; தோள் பட்டை இறுகி இடுப்புப் பட்டையை மேலே தூக்குகிறது. இடுப்பு எலும்பில் இருக்க வேண்டிய பட்டை வயிற்றுக்கு ஏறுகிறது. ஆள் அடியில் வழுக்கிக்கொண்டு போகிறார். இதை 'சப்மரைனிங்' என்பார்கள். குடல், கல்லீரல் எல்லாம் அந்தப் பட்டைக்கும் முதுகெலும்புக்கும் நடுவில் மாட்டுகிறது. பந்தயக் காரில் தொடைக்கு நடுவே ஒன்றோ இரண்டோ பட்டை கூடுதலாக வருவது இதைத் தடுக்கத்தான். அந்தப் பட்டை வர சீட்டில் ஓட்டை வேண்டும். நம் வீட்டுக் கார் சீட்டில் அது இல்லை.

தோள் பட்டையைப் பின்சீட்டுக்கு அடியில் தரையில் கொண்டுபோய் போல்ட் போடுவது இன்னொரு பழக்கம். அப்போது அது உடம்பைப் பின்னால் பிடிப்பதை விட்டுவிட்டுக் கீழே அழுத்துகிறது. பாரம் முதுகெலும்பில் இறங்குகிறது. எஃப்.ஐ.ஏ. விதிப்படி தோள் பட்டை பின்பக்கம் 45 டிகிரிக்கு மேல் சரியக்கூடாது. 10 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. அந்த உயரத்தில் பட்டையைக் கட்ட வேண்டுமானால் பின்னால் ரோல் கேஜ் குழாய் வேண்டும். ரோல் கேஜ் போட்டால் ஹெல்மெட் இல்லாமல் ஓட்ட முடியாது, ஏனென்றால் சிறு மோதலிலேயே தலை அந்த இரும்பில் இடிக்கும். ஹெல்மெட்டோடு சந்தைக்குக் காய்கறி வாங்கப் போவீர்களா? பாருங்கள், ஒன்றைத் தொட்டால் ஒன்பது வருகிறது!

கார் உருண்டால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள். மூன்று முனை பெல்ட்டில் உடம்பு பக்கவாட்டில் சாய இடம் உண்டு. ஹார்னஸ் உங்களை நிமிர்த்தியே வைத்திருக்கும். கேஜ் இல்லாத காரில் கூரை இறங்கும்போது நிமிர்ந்திருப்பவர் கதி என்ன? போட்டிக்கான கோ-கார்ட்டில் பெல்ட்டே கிடையாது என்பதைக் கவனித்திருப்பீர்கள். தலைக்கு மேல் காப்பு இல்லாத வண்டியோடு மனிதனைச் சேர்த்துக் கட்டக்கூடாது என்பதே காரணம். அதே நியாயம்தான் இங்கேயும்.

வண்டியோடு வந்த மூன்று முனை பெல்ட்டை யாரும் மதிப்பதில்லை என்பது எனக்கு ஆதங்கம். 1959-இல் வோல்வோவில் நில்ஸ் போலின் என்ற பொறியாளர் கொடுத்த வடிவம் அது. இன்றைய காரில் அதற்குள் எவ்வளவோ இருக்கிறது. மெதுவாக இழுத்தால் வரும், வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்ளும் ரீல். மோதிய நொடியில் தொய்வைச் சுருட்டும் சிறு வெடிமருந்து. பாரம் அதிகமானால் விலா எலும்பு உடையாதபடி கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் தண்டு. ஏர் பேக் எந்த நேரத்தில் விரிய வேண்டும் என்ற கணக்கும் இந்த பெல்ட்டை வைத்துப் போட்டதுதான். சாலையில் அடிபட்டால் உதவிக்கு ஓடி வருகிறவருக்கும் சிவப்புப் பொத்தானை அமுக்கத் தெரியும். ஹார்னஸின் திருகு பூட்டை எப்படித் திறப்பது என்று டீக்கடைக்காரருக்குத் தெரியுமா?

இனி சட்டம். மத்திய மோட்டார் வாகன விதி 138(3), முன்சீட்டில் இருப்பவர் மட்டுமல்ல, முன்னோக்கிய பின்சீட்டில் இருப்பவரும் பெல்ட் போட வேண்டும் என்கிறது. 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த 194-பி பிரிவின்படி அபராதம் 1,000 ரூபாய். வண்டியை மாற்றி அமைப்பதைக் கட்டுப்படுத்துவது 52-ஆம் பிரிவு. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த வழக்கில் உறுதிப்படுத்தியது. கம்பெனி பெல்ட், அந்த மாடல் கார் அனுமதி பெறும்போது சோதனையில் தேறிய உறுப்பு. அதைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டிக்கொண்டு ரோட்டுக்கு வந்தால், 'இதுவும் பெல்ட்தானே' என்ற வாதம் எடுபடாது. ட்ராக்குக்காகவே மாற்றிய காரை டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோவதே முறை. ஜெர்மனியில் சாலைக்கு அனுமதி பெற்ற நான்கு முனை பெல்ட் உண்டு என்று சிலர் வாதிடுவார்கள். உண்மை. அதில் ஒரு தோள் பட்டை மட்டும் மோதலில் கொஞ்சம் நீளும்படி மடித்துத் தைத்திருக்கும். உடம்பு சற்றுத் திரும்பி, வழுக்குவது தடைபடும். அதுவும் குறிப்பிட்ட மாடல் கார்களுக்கு மட்டும் சோதித்துக் கொடுத்த அனுமதி. நம் ஊரில் கூரியரில் வருகிற பளபளப்பான போலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பெல்ட்டே போடாமல் அலாரத்தை ஏமாற்றுகிற கிளிப் பற்றிச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 மே மாதம் ஐந்து இணைய விற்பனைத் தளங்களுக்கு உத்தரவு போட்டு, 13,118 விற்பனைப் பதிவுகள் நீக்கப்பட்டன. 2022 செப்டம்பர் 4-ஆம் தேதி பால்கர் அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்த விபத்தில், பெல்ட் போடாமல் பின்சீட்டில் இருந்த இருவரும் இறந்தார்கள். முன்சீட்டில் இருந்த இருவரும் பிழைத்தார்கள். விலை உயர்ந்த கார் அது.

இப்போது ட்ராக்குக்கு வருவோம். நம் மண்டலத்துக்கும் மோட்டார் பந்தயத்துக்கும் உறவு பழையது. மாருதி எஞ்சினை வைத்து 'ஃபார்முலா மாருதி' காரை வடிவமைத்த கோவை எஸ். கரிவர்தன் 1995-இல் விமான விபத்தில் மறைந்தார். அவர் பெயரைத் தாங்கிய காரி மோட்டார் ஸ்பீட்வேயில்தான் கல்லூரி மாணவர்களின் ஃபார்முலா பாரத் போட்டியும் நடந்து வருகிறது. இங்கே உட்கார்ந்திருக்கும் தம்பிகளில் சிலர் இப்போதே சேஸிஸ் வெல்டிங் அடித்துக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். உங்களுக்காகத்தான் இந்தப் பகுதி.

ஹார்னஸ் வாங்கும்போது முதலில் நிறத்தைப் பார்க்காதீர்கள், லேபிளைப் பாருங்கள். எஃப்.ஐ.ஏ. 8853-98 அல்லது 8853-2016, இல்லையென்றால் எஸ்.எஃப்.ஐ. 16.1 அல்லது 16.5. எஃப்.ஐ.ஏ. லேபிளில் எந்த ஆண்டு வரை செல்லும் என்று அச்சிட்டிருக்கும். ஐந்து ஆண்டுக் கணக்கு. எஸ்.எஃப்.ஐ. 16.1-க்கு இரண்டே ஆண்டு. 'பீரோவில் பூட்டித்தான் வைத்திருந்தோம்' என்றால் ஸ்க்ரூட்டினியில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சீனியர் டீம் விட்டுப்போன பெல்ட்டை எடுக்குமுன் தேதியைப் பாருங்கள். லோகோ நிறத்துக்குப் பொருந்தவில்லை என்று டையிங்கில் கொடுத்து வாங்கும் எண்ணம் இருந்தால் அதையும் கைவிடுங்கள். நம் ஊரில் அந்த எண்ணம் வரும்!

மாட்டும் இடம் அடுத்தது. சீட்டிலோ சீட் தாங்கியிலோ கட்டக்கூடாது. சேஸிஸில்தான் கட்ட வேண்டும். தகட்டு பாடியாக இருந்தால் ஒவ்வொரு போல்ட்டுக்கும் பின்னால் குறைந்தது 40 சதுர சென்டிமீட்டர், 3 மில்லிமீட்டர் கனத் தகடு. போடும்போது முதலில் இடுப்புப் பட்டையை இடுப்பு எலும்பின் கீழே இறக்கி இறுக்குங்கள்; பிறகு தோள். வரிசை மாறினால் இடுப்புப் பட்டை வயிற்றுக்கு ஏறிவிடும்.

ஜவுளிக்காரர்களுக்கு ஒரு செய்தி சொல்கிறேன். 2001 பிப்ரவரி 18-ஆம் தேதி அமெரிக்காவில் டேடோனா பந்தயத்தின் கடைசிச் சுற்றில் டேல் எர்ன்ஹார்ட் சுவரில் மோதி இறந்தார். அவருடைய இடுப்புப் பட்டை அறுந்திருந்தது. பந்தய அமைப்பின் விசாரணை அறிக்கை சொன்ன காரணம், பட்டை அட்ஜஸ்டருக்குள் ஒரு பக்கமாக ஒதுங்கிக் குவிந்துவிட்டது என்பது. முழு அகலமும் பங்கிட வேண்டிய பாரம் ஒரு ஓரத்தில் விழுகிறது; அந்த இழைகள் அறுந்ததும் பாரம் அடுத்த இழைக்கு, பிறகு அடுத்ததற்கு. துணிக்கடையில் கரையில் சின்னதாக ஒரு வெட்டு வைத்துவிட்டுக் கையால் சர்ரென்று கிழிப்பார்களே, அதேதான். இருநூறு பேர் சேர்ந்து இழுக்க வேண்டிய தேரை ஒருவன் இழுக்கப் பார்த்த கதை. ஆகவே ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் பட்டை முறுக்கில்லாமல், குவியாமல், தட்டையாக அட்ஜஸ்டரில் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

அவர் உயிரைப் பறித்தது மண்டை ஓட்டின் அடிப்பகுதியில் விழுந்த முறிவு. ஹார்னஸ் மார்பை அசையாமல் பிடிக்கிறது. ஹெல்மெட்டோடு சேர்ந்த தலை மட்டும் முன்னால் பறக்கிறது. இரண்டுக்கும் நடுவில் கழுத்து. ஹார்னஸ் எவ்வளவு நன்றாகப் பிடிக்கிறதோ அவ்வளவுக்குக் கழுத்துக்கு ஆபத்து. இதற்காகவே பேராசிரியர் ராபர்ட் ஹப்பர்டும், பந்தய வீரர் ஜிம் டவுனிங்கும் 'ஹான்ஸ்' என்ற கழுத்துக் காப்பை உருவாக்கினார்கள். 2003 முதல் ஃபார்முலா ஒன்றில் அது கட்டாயம். ட்ராக்கில் ஹார்னஸுக்கு பட்ஜெட் போடுகிறவர்கள் இதற்கும் சேர்த்தே போடுங்கள். இரண்டுக்கும் காசில்லையா? கம்பெனி பெல்ட்டும் நல்ல ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டு, வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள். கேஜ், சரியான சீட், ஆறு முனை ஹார்னஸ், கழுத்துக் காப்பு எல்லாம் வந்த பிறகு வேகத்தைக் கூட்டலாம். பாதி மாட்டிய வண்டி, ஒன்றுமே மாட்டாத வண்டியைவிட மோசம்.

இன்னொன்று: கைக்கெட்டும் தூரத்தில் பட்டை அறுக்கும் கத்தி. ராலி விதிகளில் இரண்டு கேட்கிறார்கள்.

மேஜைமேல் மூன்று துண்டு வைத்திருக்கிறேன். ஒன்று பைப் பட்டை, ஒன்று கார் பெல்ட், ஒன்று காலாவதியான பந்தயப் பட்டை. நம் லேபில் இழுவை மெஷின் இன்னும் ஓடுகிறது என்று துறைத்தலைவர் சொன்னார். சாப்பாட்டுக்குப் பிறகு மூன்றையும் அதில் போட்டு இழுத்துப் பார்க்கலாம், கேள்வி இருப்பவர்கள் அங்கே வாருங்கள்.