பாசியின் எண்ணெயும் பிண்ணாக்கும்

எள்ளையோ நிலக்கடலையையோ செக்கிலிட்டு ஆட்டுபவர் எண்ணெயின் விலையை மட்டும் வைத்துக் கணக்குப் பார்ப்பதில்லை. எஞ்சும் பிண்ணாக்கு மாட்டுத் தீவனமாகவும் வயலுக்கு எருவாகவும் விலைபோவதால்தான் அந்தத் தொழில் கட்டுபடியாகிறது. எரிபொருளுக்காகப் பாசி வளர்க்கும் முயற்சியை மதிப்பிடும்போதும் இதே செக்குக் கணக்கைக் கையில் எடுக்க வேண்டியிருக்கிறது. நுண்பாசி என்பது வேரும் தண்டும் இலையும் இன்றி, பெரும்பாலும் ஒற்றை உயிரணுவாகவே நீரில் வாழ்ந்து, வெயிலையும் கரியமிலவாயுவையும் கொண்டு தன் உடலைத் தானே கட்டிக்கொள்ளும் உயிர். அதன் சில வகைகளில் உலர்ந்த எடையில் ஐந்தில் ஒரு பங்கு முதல் பாதி வரை எண்ணெய் இருப்பதும், விளைநிலத்தையும் நன்னீரையும் கேட்காமல் உவர்நிலத்திலும் உப்புநீரிலும் அது வளர்வதும் எரிபொருள் ஆய்வாளர்களை அதன்பால் ஈர்த்தன.

ஆனால் ஒரு முழம் ஆழம்கூட இல்லாத, துடுப்புச் சக்கரம் ஓயாமல் நீரைச் சுற்றவைக்கும் திறந்த குளத்தில் ஒரு லிட்டருக்கு அரை கிராம் அளவே உலர்பாசி தேறும். ஆயிரம் லிட்டர் நீரை வடித்தால் கிடைப்பது அரை கிலோ. அதில் முப்பது விழுக்காடு எண்ணெய் என்று கொண்டால் 150 கிராம். இவ்வளவு நீரை இறைத்து, வடித்து, உலர்த்தி எடுத்த எண்ணெய் ஒரு டம்ளரைக்கூட நிரப்பாது. மீதமுள்ள 350 கிராமை என்ன செய்வது என்ற கேள்விக்கு நல்ல விடை கிடைத்தாலன்றி இந்த விவசாயம் நிலைக்காது.

அமெரிக்க எரிசக்தித் துறை 1978 முதல் 1996 வரை ஏறத்தாழ இரண்டரைக் கோடி டாலர் செலவில் நடத்திய நீர்வாழ் உயிரினத் திட்டம் இத்துறையின் அடித்தளம் எனலாம். ஏறக்குறைய 3,000 பாசி வகைகளைத் திரட்டி, அவற்றுள் 300 அளவுக்குத் தேர்ந்தெடுத்து, நியூ மெக்சிகோ மாநிலத்தின் ராஸ்வெல் என்னும் பாலைநில ஊரில் ஆயிரம் சதுர மீட்டர் குளங்கள் வெட்டி வளர்த்துப் பார்த்தனர். பகல் வெயில் தாராளமாக இருந்தும், பாலையின் குளிர்ந்த இரவுகள் விளைச்சலின் சராசரியைக் கீழே இழுத்துவிட்டன. அவர்கள் கண்ட இன்னொரு முட்டுக்கட்டை இன்றும் தீரவில்லை. தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, நிறுத்திப் பட்டினி போட்டால் பாசி எண்ணெயைச் சேர்க்கிறது. ஆனால் அதே நேரத்தில் அதன் வளர்ச்சி நின்று, புரதமும் குறைகிறது. எண்ணெய்க்காகப் பட்டினி போட்டால் பிண்ணாக்கு தரம் கெடுகிறது. பிண்ணாக்குக்காக ஊட்டினால் எண்ணெய் குறைகிறது.

எண்ணெயோடு சேர்ந்து கிடைக்கும் உடன்விளைபொருள்களுள் மிக அழகிய கதை துனலியெல்லா சலைனா என்னும் பாசியுடையது. உப்பளங்களில் நீர் சுண்டச் சுண்டப் பாத்தியில் செம்மை படர்வதற்கு, உப்பை விரும்பும் நுண்ணுயிர்களோடு இதுவும் காரணம். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களுக்கு அந்த நிறம் புதிதன்று. இரண்டு கசையிழைகளால் நீந்தும் இந்த உயிரணுவுக்குத் தாவர உயிரணுக்களுக்கு உரிய கெட்டிச் சுவர் கிடையாது. மற்ற உயிர்களைச் சுருங்கவைக்கும் உப்புச்செறிவை, உள்ளே கிளிசரால் என்னும் இனிப்பான பாகுப் பொருளைச் சுரந்து நிரப்பிக்கொண்டு அது எதிர்கொள்கிறது. மழை பெய்து உப்புச்செறிவு குறைந்தால் சற்றே உப்பிப் பருத்து, கிளிசராலை மாவுப்பொருளாக மாற்றிக்கொண்டு பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. வெயிலும் உப்பும் மிகுந்து ஊட்டம் குறையும்போது பீட்டா கரோட்டின் என்னும் செம்மஞ்சள் நிறமியைச் சிறு எண்ணெய்த் துளிகளில் திரட்டித் தனக்கு நிழற்குடை பிடித்துக்கொள்கிறது. மாம்பழத்திலும் கேரட்டிலும் உள்ள, உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் அதே நிறமி இப்பாசியின் உலர் எடையில் பத்து விழுக்காட்டையும் எட்டுகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஹட் லகூன் என்னும் இளஞ்சிவப்பு உப்பேரியில் இதற்கென்றே பரந்த குளங்கள் அமைந்துள்ளன. அங்கே துடுப்புச் சக்கரமும் இல்லை, காற்றும் வெயிலுமே வேலையாட்கள்.

இத்தகைய விலையுயர்ந்த பொருளை விற்று வரும் பணத்தால் எரிபொருளை மலிவாகத் தரலாம் என்று பலரும் எழுதியிருக்கின்றனர். இந்த வாதம் கணக்கின் முன் நிற்பதில்லை. பத்து லட்சம் டன் பாசி எண்ணெய் இந்தியாவின் டீசல் செலவில் ஐந்து நாளுக்கும் போதாது. முப்பது விழுக்காடு எண்ணெயுள்ள பாசியில் அதைப் பெற 33 லட்சம் டன் உலர்பாசி வேண்டும். அதில் ஐந்து விழுக்காடு நிறமி என்றாலும் ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் சந்தைக்கு வந்து சேரும். உலகம் முழுவதும் ஓராண்டில் வாங்கும் பீட்டா கரோட்டின் இதில் சிறு பங்குதான். எஞ்சியது வாங்குவாரின்றித் தேங்க, விலை சரிந்து, உதவிக்கு வந்த பொருளே சுமையாகிவிடும். சால்மன் மீனின் தசைக்குச் செந்நிறம் தரும் அஸ்டாசாந்தின் நிறமிக்கும், குழந்தைகளுக்கான பால்மாவில் சேர்க்கப்படும் டிஎச்ஏ என்னும் ஒமேகா-3 கொழுப்புக்கும் இதே நிலைதான். இவை நல்ல தொழில்கள். ஆனால் தம் காலில் தாமே நிற்கும் தொழில்கள், எரிபொருளைத் தோளில் சுமக்கக்கூடியவை அல்ல. 2003இல் தொடங்கிய அமெரிக்காவின் சோலசைம் என்னும் பாசி எண்ணெய் நிறுவனம் எரிபொருளை நோக்கிப் புறப்பட்டு, அழகுப்பொருளுக்கும் உணவுக்கும் திரும்பி, 2016இல் டெர்ராவியா என்று பெயரையும் மாற்றிக்கொண்டு, அடுத்த ஆண்டே திவாலானது.

ஆகவே எரிபொருளுக்கு இணையான பரப்பும் பசியும் கொண்ட சந்தை எது என்று தேட வேண்டும். அது தீவனச் சந்தை. எண்ணெய் எடுத்த பாசிப் பிண்ணாக்கில் புரதம் நிறைய உண்டு. பிடிபடும் சிறு மீன்களை அரைத்து வளர்ப்பு மீன்களுக்குப் போடும் வழக்கத்துக்கு அது ஓரளவேனும் மாற்றாகலாம். மரக்காணம் கடற்கரையில் உள்ள இறால் பொரிப்பகங்கள் கீட்டோசெரஸ் முதலிய பாசிகளை உயிருடன் வளர்த்து இறால் குஞ்சுகளுக்கு ஊட்டுவதால், பாசி தீவனமாவது நம் கரைக்கும் அந்நியமில்லை. இருந்தும் பிண்ணாக்குக்கு வரும் இடையூறுகளை மறைப்பது நேர்மையாகாது. நீரில் சிதறிக் கிடக்கும் பாசியைத் திரளவைக்கப் படிகாரம் இட்டால் அலுமினியம் தீவனத்தோடு கலந்துவிடுகிறது. உப்புநீரில் வளர்ந்தது உப்பைச் சுமந்து வருகிறது. சில வகைகளின் தடித்த உயிரணுச் சுவர் கோழியின் குடலில் கரைவதில்லை. அறுவடையில் செய்யும் சிறு சிக்கனமே பிண்ணாக்கின் விலையைக் குறைத்துவிடும் என்பதால், எண்ணெய்க்கென ஒரு முறையும் தீவனத்துக்கென ஒரு முறையும் தனித்தனியே வகுக்க முடியாது.

விலைப்பட்டியலில் இடம்பெறாத உடன்விளைவு ஒன்று இவை எல்லாவற்றையும்விட மதிப்புமிக்கது. அது தூய நீர். கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் வில்லியம் ஆஸ்வால்ட் 1950களிலேயே காட்டியபடி, கழிவுநீர்க் குளத்தில் பாக்டீரியா அழுக்கைச் சிதைத்துக் கரியமிலவாயுவை விட, பாசி அதை உண்டு ஆக்சிஜனை விட, இரண்டும் ஒன்றையொன்று வாழவைக்கின்றன. ஏரியில் சேர்ந்தால் ஆகாயத்தாமரையைப் பெருக்கும் தழைச்சத்தும், பாஸ்பரஸ் என்னும் மணிச்சத்தும் பாசியின் உடலில் அடைபடுகின்றன. நகரம் தன் சாக்கடையைச் சுத்தம் செய்ய எப்படியும் செலவழிக்க வேண்டும் என்பதால், குளம் வெட்டும் செலவும் உரச்செலவும் எரிபொருளின் தலையில் விழுவதில்லை. இங்கே எண்ணெயைப் பிழிந்தெடுக்கும் பாடும் தேவையில்லை. ஈரப்பாசியை அப்படியே காற்றுப்புகாத கலத்தில் புளிக்கவிட்டால், மாட்டுச்சாணத்திலிருந்து வருவதுபோல் மீத்தேன் வாயு வருகிறது. அடியில் தங்கும் குழம்பு தழைச்சத்தும் மணிச்சத்தும் குறையாத எருவாகிறது. தென் ஸ்பெயினின் சிக்லானா என்னும் கடலோர ஊரில், ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 2011இல் தொடங்கிய திட்டத்தில், ஊர்ச்சாக்கடையில் வளர்ந்த பாசியின் வாயுவைத் தூய்மைப்படுத்தி நிரப்பிக்கொண்டு கார்கள் ஓடியிருக்கின்றன.