ஓவியம் கூறும் சாட்சி



புகைப்படக் கருவி தோன்றுவதற்கு முன்பு, தொலைநாட்டு அரசவைச் சடங்குகளை ஐரோப்பிய மக்கள் ஓவியங்களின் வாயிலாகவே கண்டனர். ஆப்பிரிக்காவின் அசாந்தி நாட்டுத் தலைநகரான குமாசிக்கு 1817-இல் தூது சென்ற பௌடிச் என்னும் ஆங்கிலேயர், அங்கு நிகழ்ந்த கிழங்கு அறுவடை விழாவை வரைந்து, 1819-இல் தம் நூலில் வெளியிட்டார். குடைகளும் படைவீரரும் சூழ அரசர் வீற்றிருக்கும் காட்சி அது. நமது கொங்கு நாட்டின் வரலாற்றோடு பிணைந்த அத்தகைய ஓவியம் ஒன்றும் உண்டு.

அக்காலத்தில் கொங்கு நாடு மைசூர் ஆட்சியின் கீழ் இருந்தது. மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792 பிப்ரவரி 26 அன்று, திப்பு சுல்தானின் இளம் மைந்தர் இருவர் பிணையாக ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்டனர். யானை மீது வந்த அவர்களைக் காரன்வாலிஸ் பிரபு தம் கூடாரத்தில் தழுவி வரவேற்று, ஆளுக்கொரு பொற்கடிகாரம் அளித்தார். படையுடன் சென்றிருந்த இராபர்ட் ஹோம் என்னும் ஓவியர் அக்காட்சியைத் தீட்டினார். இந்திய மண்ணையே மிதித்திராத மேதர் பிரவுன் போன்றோரும் இலண்டனில் இருந்தபடியே அதனை வரைந்தனர்.

நேரில் கண்டவர் ஓவியத்திற்கு மதிப்பு மிகுதி என்பதில் ஐயமில்லை. ஆயினும், கண்ணால் கண்டவரும் அனைத்தையும் காட்டிவிடுவதில்லை. ஹோமின் ஓவியத்தில் காரன்வாலிஸ், பரிவுமிக்க தந்தையைப் போலச் சிறுவனின் கையைப் பற்றுகிறார். அப்பரிவின் பின்னே நின்ற ஒப்பந்தம் ஓவியத்தில் இல்லை. திப்பு தம் நாட்டில் பாதியை இழந்தார். 3 கோடியே 30 இலட்சம் ரூபாய் செலுத்தவும் நேர்ந்தது. அதற்கு ஈடாகவே அச்சிறுவர் பெற்றோரைப் பிரிந்தனர், 1794-இல்தான் திரும்பினர். காவிரிக்குக் கிழக்கே சேலமும் சங்ககிரியும் கம்பெனியின் வசமாயின. மேற்கே கோயம்புத்தூரோ 1799 வரை திப்புவிடமே இருந்தது. ஆற்றின் இரு கரையிலும் வாழ்ந்த உறவினர் வெவ்வேறு அரசுகளுக்கு வரி செலுத்தினர். அந்த உழவர்களை எந்த ஓவியர் வரைந்தார்?

மறுபக்கத்தையும் நோக்குவோம். சீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில், 1780-இல் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் ஆங்கிலப் படை தோற்ற காட்சி தீட்டப்பட்டுள்ளது. அதில் ஆங்கிலத் தளபதி பெய்லி பல்லக்கினுள் செயலற்று அமர்ந்திருக்கிறார். ஒவ்வொரு தரப்பும் தன் பெருமைக்குரிய நாளையே ஓவியமாக்கியது.

ஆகவே, பாடநூலில் பழைய ஓவியம் ஒன்றைக் கண்டால் மூன்று வினாக்களை எழுப்புங்கள். வரைந்தவர் நேரில் கண்டாரா? யார் மகிழ வரைந்தார்? யாரை வரையாது விட்டார்? பின்னர் அக்காலத்து உடன்படிக்கைகளையும் ஆவணங்களையும் அருகில் வைத்துப் படியுங்கள். ஓவியத்தைப் பொய்யென்று ஒதுக்கிவிட வேண்டா. அதனை ஒரு சாட்சியாகக் கொண்டு விசாரியுங்கள். நல்ல நீதிபதி ஒரு சாட்சியை மட்டும் கேட்டுத் தீர்ப்பு எழுதுவதில்லை.