துப்பாக்கியைப் பிடுங்கினால் பயிரை யார் காப்பது?

(திருவண்ணாமலையில் நடந்த சங்கக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

அன்பார்ந்த விவசாயப் பெருமக்களே! தாய்மார்களே! ஜவ்வாது மலையிலிருந்து பொழுது விடியும் முன்னே பஸ் ஏறி வந்திருக்கும் மலைவாழ் சகோதரர்களே!

கொஞ்ச நாளா ஊர் ஊரா ஒரு பேச்சு ஓடுது. "ரைபிளைத் தடை பண்ணப் போறாங்களாம், லைசென்ஸ் இருந்தாலும் பிடுங்கிடுவாங்களாம்" என்று. இதைக் கேட்டு ஒருத்தர் புதைச்சு வெச்சிடலாமா என்கிறார். இன்னொருத்தர் வந்த விலைக்குத் தள்ளிடலாமா என்கிறார். தோழர்களே, இன்றைய தேதியில் அப்படி ஒரு தடைச் சட்டம் வரவில்லை. ஆனால் வந்தால் என்ன செய்வது என்று இன்றைக்கே யோசித்து வைப்பதில் தப்பில்லை. வெள்ளம் வந்த பிறகு அணை போட முடியாது.

நம்ம கையில் இருப்பது என்ன?

முதலில் இதைத் தெரிஞ்சுக்கணும். ரைபிள் என்றால் குழாய்க்கு உள்ளே சுருள் சுருளாக வரி வெட்டியிருக்கும். குண்டு சுழன்றுகொண்டு நெடுந்தூரம் போகும். நம்மிடம் இருப்பது உள்ளே வழவழப்பான குழாய். வாய் வழியாகக் கரிமருந்தைப் போட்டு, கம்பியால் கெட்டித்து, பால்ரஸ் போட்டு வெடிக்கிற துப்பாக்கி. ஒரு வெடி வெடித்தால் மறு வெடிக்கு மருந்து கெட்டிக்கவே நேரம் ஆகும். சட்டத்தின் கண்ணில் இரண்டும் ஒன்றல்ல. "ரைபிளுக்குத் தடை" என்று பேப்பரில் வந்தால் நம்ம துப்பாக்கிக்கும் தடை என்று நாமே முடிவு கட்டிக்கொள்ளக் கூடாது. அதே நேரம், ஊர் அளவில் வருகிற போலீஸ்காரர் இந்த வித்தியாசம் பார்ப்பார் என்று நம்பி இருந்துவிடவும் கூடாது.

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம், 13-வது பிரிவைக் கேளுங்கள். உண்மையாகவே பயிரைக் காக்க வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி கேட்டால் லைசென்ஸ் கொடுக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கு. அது போதாது என்று அதிகாரிக்குப் பட்டால் வேறு வழவழப்புக் குழாய் துப்பாக்கிக்கும் கொடுக்கலாம். 14-வது பிரிவு, போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்கிறது. ஆக, இது பண்ணையாருக்கு மட்டும் உள்ள உரிமை இல்லை. அரை ஏக்கர் மல்லாட்டை போட்டவனுக்கும் உண்டு.

ஒரு சட்டம் கொடுக்குது, இன்னொரு சட்டம் தடுக்குது!

ஆனால் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லணும். துப்பாக்கி லைசென்ஸ் இருந்தால் பன்றியைச் சுடலாம் என்று பல பேர் நினைக்கிறாங்க. முடியாது. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதுக்குத் தனி அனுமதி கேட்குது. 2022-ல் வந்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்து, காட்டுப்பன்றி இப்போ இரண்டாவது அட்டவணையில் இருக்கு. மயில் முதல் அட்டவணை. அதைச் சுட்டால் குறைந்தது மூன்று வருஷம் ஜெயில். ஆகவே இன்றைக்கு நம்ம துப்பாக்கி சத்தம் போட்டு விரட்டத்தான். ஒரு சட்டம் பயிரைக் காக்கத் துப்பாக்கி கொடுக்குது, இன்னொரு சட்டம் அந்தத் துப்பாக்கியைத் தூக்கினால் பிடிக்குது. நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பவன் விவசாயி!

சேலை கட்டினோம், தகரம் தட்டினோம், பரண் போட்டுக் கண் விழித்தோம். ஒரு ராத்திரி அசந்தால் கூட்டமாக வந்து மல்லாட்டைக் கொல்லையை ஏர் ஓட்டின மாதிரி கிளறிவிட்டுப் போகுது. வயிறு எரிஞ்சுபோய் சில பேர் வேலிக் கம்பியில் கரண்ட் விடுறாங்க, நாட்டு வெடி வைக்கிறாங்க. அதில் செத்தது பன்றி மட்டுமா? மாடு செத்திருக்கு, தண்ணி பாய்ச்சப் போன மனுஷன் செத்திருக்கான். சட்டப்படியான துப்பாக்கியையும் வாங்கிக்கொண்டால் இந்தக் கள்ள வழிதான் பெருகும். அரசாங்கம் இதை யோசிக்க வேண்டும்.

தடை வந்தபோது மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

1983-ல் சட்டத்தைத் திருத்தி ஒருத்தருக்கு மூன்று துப்பாக்கிக்கு மேல் கூடாது என்றார்கள். 2019 நவம்பரில் அதை ஒன்றாகக் குறைக்க நாடாளுமன்றத்தில் மசோதா வந்தது. துப்பாக்கி வைத்திருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. பஞ்சாப், ராஜஸ்தான் பக்கம் எதிர்ப்பு கிளம்பியது, எம்.பி.க்கள் பேசினார்கள். மசோதா நிறைவேறும்போது ஒன்று என்பது இரண்டாக மாறியது. மூன்றாவது துப்பாக்கியை ஒரு வருஷத்துக்குள் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்கச் சொன்னார்கள். அதற்குப் பணம் தர ஏற்பாடு இல்லை. இதில் இரண்டு பாடம் இருக்கு. மசோதாவாக இருக்கும்போதே வாய் திறந்தால் வரி மாறும். இழப்பீட்டை முன்கூட்டியே கேட்காவிட்டால் கிடைக்காது.

வெளிநாட்டைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் 1996 ஏப்ரலில் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். தானாக இயங்கும் வகைத் துப்பாக்கிகளுக்குக் கடும் கட்டுப்பாடு வந்தது. ஆனால் அரசாங்கம் மக்களிடம் தனி வரி வசூலித்து, சுமார் ஆறரை லட்சம் துப்பாக்கிகளை விலை கொடுத்து வாங்கியது. விவசாயி தன் தேவையை நிரூபித்தால் சில வகைகளை வைத்துக்கொள்ளவும் வழி விட்டது. நியூசிலாந்தில் 2019 மார்ச்சில் மசூதிகளில் 51 பேர் கொல்லப்பட்டபோது, அந்த வகைத் துப்பாக்கிக்குத் தடை போட்டதை அந்நாட்டு விவசாயிகள் சங்கமே ஆதரித்தது. "ஆளைக் கொல்லும் ஆயுதம் எங்களுக்கு வேண்டாம், பயிரைக் காக்கும் கருவியை விடுங்கள்" என்பதுதான் அதன் சாரம். நம்ம நிலையும் அதுதான். கலெக்டரிடம் போனாலும் கோர்ட்டுக்குப் போனாலும் இப்படிப் பேசினால்தான் எடுபடும்.

நாம் என்ன செய்ய வேண்டும்?

ஒன்று: யாரும் துப்பாக்கியைப் புதைக்காதீர்கள், கை மாற்றாதீர்கள். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 2019 திருத்தப்படி குறைந்தது இரண்டு வருஷம், அதிகபட்சம் ஐந்து வருஷம் தண்டனை. செய்து விற்பவனுக்கு ஏழு வருஷம் முதல் ஆயுள் வரை. மலைச் சகோதரர்களுக்குத் தனியாகச் சொல்றேன்: பாட்டன் காலத்து நாட்டுத் துப்பாக்கி லைசென்ஸ் இல்லாமல் பரணில் கிடந்தால், போலீஸ் ஒப்படைக்கச் சொல்லிக் கூட்டம் போடும்போது ஊர்க்காரர்களோடு சேர்ந்து போய் ஒப்படைத்துவிடுங்கள். தனியாகப் போகாதீர்கள், சங்கம் கூட வரும். பிறகு முறைப்படி மனு போடுவோம்.

இரண்டு: லைசென்ஸ் முடியும் தேதியை இன்றைக்கே வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். 2019 திருத்தத்தால் காலம் மூன்று வருஷத்திலிருந்து ஐந்து வருஷம் ஆகியிருக்கு. அஞ்சு வருஷம் இருக்கே என்று மறந்துபோனால் அதுவே அவர்களுக்குப் போதும்.

மூன்று: வாரிசு. அப்பா பேரில் உள்ள துப்பாக்கியை அவர் காலத்துக்குப் பிறகு மகன் சும்மா வைத்திருந்தால் அது கள்ளத் துப்பாக்கி. 2016 விதிகள்படி, லைசென்ஸ்தாரர் இறந்த பிறகும், 70 வயது ஆன பிறகோ 25 வருஷம் வைத்திருந்த பிறகோ அவர் உயிரோடு இருக்கும்போதும் வாரிசு மனு செய்யலாம். மகளும் வாரிசுதான், மறக்காதீர்கள்.

நான்கு: மனுவைத் தள்ளினால் "ஆகாதுப்பா" என்ற வாய்ச்சொல்லோடு திரும்பி வராதீர்கள். பொதுநலன் கருதிச் சொல்ல முடியாத விஷயம் என்றால் ஒழிய, கேட்டால் காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். எழுதி வாங்கி 30 நாளைக்குள் அப்பீல் செய்யுங்கள்.

ஐந்து: எதை ஒப்படைத்தாலும் துப்பாக்கி எண், தேதி, முத்திரையோடு ரசீது வாங்காமல் ஸ்டேஷன் படி இறங்காதீர்கள். தேர்தல் நேரத்தில் முக்கியம் இது. 2019, 2021, 2024 மூன்று தேர்தலும் நமக்கு ஏப்ரலில் வந்தது. கிணற்றுப் பாசன மல்லாட்டை பிடுங்குகிற சமயம் அது! ஜாமீனில் வந்தவர், குற்ற வழக்கு உள்ளவர், கலவரத்தில் சம்பந்தப்பட்டவர் யார் என்று கமிட்டி பரிசீலித்து முடிவு செய்யத்தான் தேர்தல் கமிஷன் சொல்லியிருக்கு. ஒரு வழக்கும் இல்லாத விவசாயியையும் சேர்த்து வாரிக்கொண்டு போவது நியாயமா?

நம் கோரிக்கைகள்

1. ஆயுதச் சட்டத்தில் எந்தத் திருத்தம் வந்தாலும், பயிர்க் காவலுக்கு 13-வது பிரிவு தரும் உரிமையில் கை வைக்காதே!

2. துப்பாக்கியைத் திரும்பப் பெற்றால் உரிய விலை கொடு!

3. புதுப்பித்தல் மனு, வாரிசு மனுக்களைக் கிடப்பில் போடாதே!

4. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றியை வனத்துறையே சுடும் என்று 2025 ஜனவரியில் அப்போதைய வனத்துறை அமைச்சர் பொன்முடி சட்டமன்றத்தில் அறிவித்தார். அதைக் காகிதத்தில் வைக்காமல் ஊருக்கு ஊர் நடைமுறைப்படுத்து!

5. கேரளாவில் 2022-ல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அதிகாரம் கொடுத்து, லைசென்ஸ் உள்ளவர்களைக் கொண்டே பன்றியைச் சுட வழி செய்தார்கள். அதைத் தமிழகத்திலும் பரிசீலனை செய்!

6. பயிர்ச் சேதத்துக்கு அடுத்த விதைப்புக்கு முன்பே இழப்பீடு கொடு!

தோழர்களே! இந்த மாவட்டத்தில் போராட்டம் தோற்காது என்பதற்கு மேல்மா சாட்சி. 2023 நவம்பரில் சிப்காட்டுக்கு நிலம் தர மறுத்த விவசாயிகள் மேல் குண்டர் சட்டம் போட்டார்கள். தமிழ்நாடே கேள்வி கேட்டது. சில நாளிலேயே ஆறு பேர் மேல் போட்டதை ரத்து செய்ய வேண்டி வந்தது. சேர்ந்து நின்றால் சட்டமும் திரும்பிப் பார்க்கும்.

வருகிற விவசாயிகள் குறைதீர்வு நாளன்று வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் முன் திரள்வோம். சிட்டா, அடங்கல் நகலும், லைசென்ஸ் நகலும் எடுத்து வாருங்கள். பன்றி கிளறின கொல்லையின் போட்டோ இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள். ஒன்று மட்டும் கண்டிப்பு: ஒருத்தர் கூடத் துப்பாக்கியை எடுத்து வரக் கூடாது! நம்ம கையில் மனு மட்டும் இருந்தால் போதும். நம்மை வன்முறைக்காரர் என்று சொல்ல யாருக்கும் வாய்ப்புக் கொடுக்க வேண்டாம்.

பயிர் காக்கும் உரிமை காப்போம்!
கள்ளத் துப்பாக்கி ஒழிப்போம்!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!