ராகுவும் பூமியின் நிழலும்

(கட்சிக் கல்வி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

அறிவியல் துறைகளுள் முதலில் தோன்றியது வானியல் என்று ஏங்கெல்ஸ் 'இயற்கையின் இயக்கவியல்' குறிப்புகளில் எழுதினார். மந்தை மேய்த்தவர்களுக்கும் நிலத்தை உழுதவர்களுக்கும் பருவங்களை முன்கூட்டி அறிய வேண்டிய கட்டாயம் இருந்தது. நாள்காட்டி அந்தத் தேவையிலிருந்து பிறந்தது. ஆகவே வானத்தைப் பற்றிய மனித அறிவின் வேர் உழைப்பில் இருக்கிறது. ஆயினும் அந்த அறிவு உழைத்தவர்களின் கையிலேயே தங்கிவிடவில்லை. அது எங்கே போயிற்று, யாருக்குப் பயன்பட்டது என்பதை ஆராய்வதற்குக் கிரகணத்தைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை.

பாபிலோனிய எழுத்தர்கள் கி.மு. எட்டாம் நூற்றாண்டு முதல் கிரகணங்களைக் களிமண் பலகைகளில் முறையாகப் பதிந்து வந்தார்கள். 223 சந்திர மாதங்கள், அதாவது 18 ஆண்டுகளும் ஏறத்தாழ 11 நாள்களும் கழிந்தால் கிரகணங்கள் அதே வரிசையில் திரும்புகின்றன என்பதை, தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த பதிவுகளிலிருந்து அந்த மரபினர் கண்டறிந்தார்கள். தொலைநோக்கி இல்லாத காலத்தில் வெறும் கண்ணாலும் பொறுமையாலும் எய்திய மாபெரும் வெற்றி அது.

அதே மெசபடோமிய மண்ணில், கி.மு. ஏழாம் நூற்றாண்டில் அசீரியப் பேரரசன் எசர்ஹாதோன் ஆண்டான். மன்னனுக்குக் கேடு குறிக்கும் கிரகணம் நேர்ந்தால், வேறொருவனை அரியணையில் அமர்த்துவார்கள். பெரும்பாலும் அவன் கைதியாகவோ சமூகம் பொருட்படுத்தாத எளியவனாகவோ இருப்பான். அவனுக்கு அரச உடை உண்டு, செங்கோல் உண்டு, பக்கத்தில் ஓர் 'அரசி'யும் உண்டு. குறித்த காலம் முடிந்ததும் அவன் கொல்லப்படுவான். மன்னனுக்கு வரவிருந்த கேடு அவனோடு புதைக்கப்பட்டதாகக் கருதப்படும். அந்நாள்களில் மறைந்து வாழ்ந்த உண்மையான மன்னனுக்கு அரண்மனை அறிஞர்கள் எழுதிய கடிதங்கள் இன்றும் கிடைக்கின்றன. அவற்றில் மன்னன் 'உழவர்' என்று விளிக்கப்படுகிறான்! சாவு தேடி வரும்போது மட்டும் மன்னன் உழவனாகிறான், எளியவன் மன்னனாகிறான்.

வானத்தைக் கூர்ந்து கவனித்த அறிஞர்களே அந்தச் சடங்குக்கும் ஆலோசனை கூறினார்கள். அறிவு வளர்ந்தால் அச்சம் தானாக விலகிவிடும் என்ற எண்ணத்தை இந்த வரலாறு மறுக்கிறது. ஏதென்ஸ் நகரில் சூரியன் ஒரு கடவுள் அல்ல, பழுக்கக் காய்ந்த பாறை என்று கூறிய அனக்சகோரஸ் தெய்வ நிந்தனைக் குற்றச்சாட்டுக்கு ஆளாகி நகரைவிட்டு வெளியேற நேர்ந்ததும் இதையே காட்டுகிறது.

இனி இந்தியாவுக்கு வருவோம். கி.பி. 476இல் பிறந்த ஆரியபடர் தம் 23ஆம் வயதில், 499இல், 'ஆரியபடீயம்' நூலை இயற்றியதாகக் கொள்ளப்படுகிறது. சூரியனைச் சந்திரன் மறைப்பது சூரிய கிரகணம், சந்திரனைப் பூமியின் நிழல் மறைப்பது சந்திர கிரகணம் என்று அதில் அவர் வரையறுத்தார். அந்த விளக்கத்தில் ராகுவுக்கு இடமில்லை. படகில் செல்பவனுக்குக் கரையிலுள்ள மரங்கள் பின்னோக்கி ஓடுவதுபோல் தோன்றும். அவ்வாறே சுழலும் பூமியில் இருப்பவர்களுக்கு விண்மீன்கள் மேற்கு நோக்கி நகர்வதாகத் தோன்றுகிறது என்றும் அவர் விளக்கினார். 43,20,000 ஆண்டுகள் கொண்ட ஒரு யுகத்தில் பூமி 1,58,22,37,500 முறை சுழல்கிறது என்பது அவர் தந்த கணக்கு. அதன்படி ஒரு சுழற்சிக்கு 23 மணி 56 நிமிடம் 4 வினாடி ஆகும். இன்றைய அளவீட்டிலிருந்து அது ஒரு வினாடிகூட விலகவில்லை.

இந்தக் கருத்துக்கு நேர்ந்த கதி என்ன? நூல் எரிக்கப்படவில்லை. மாறாக, போற்றப்பட்டுத் திருத்தப்பட்டது. பூமி சுழல்கிறது என்று கூறும் வரியில் 'பூ' என்ற வடசொல் நின்றது. அது பூமியைக் குறிக்கும். பிற்கால உரை மரபில் அந்த இடத்தில் 'பம்' என்ற பாடம் ஏறியது. அது விண்மீன் கூட்டத்தைக் குறிக்கும். ஒரு சிறு சொல் மாறியதும் சுழன்ற பூமி நின்றுவிட்டது, வானம் சுழலத் தொடங்கியது. மூல பாடத்தைக் காப்பது எவ்வளவு பெரிய அரசியல் என்பதை இந்த ஒரு வரி உணர்த்தும்.

ஆரியபடரைக் கடுமையாகத் தாக்கியவர் பிரம்மகுப்தர். சுழியத்துக்குக் கணித விதிகள் வகுத்த மேதை அவர். கி.பி. 628இல் எழுதிய தம் நூலில், ராகு கிரகணத்துக்குக் காரணமல்ல என்பது வேதத்துக்கும் ஸ்மிருதிக்கும் முரணானது என்றார். ராகு இல்லையென்றால் கிரகண காலத்துச் சடங்குகளுக்குப் பயன் இல்லாமல் போய்விடும் என்பது அவர் வாதம். ஆனால் அதே நூலில் கிரகணத்தைக் கணக்கிட அவர் பயன்படுத்தியது பூமியின் நிழலையும் சந்திரனின் விட்டத்தையும்தான்!

ஏறத்தாழ 1030இல் இந்தியாவைப் பற்றிய தம் நூலை எழுதிய அல்பிரூனி இந்த முரண்பாட்டைக் கண்டு திகைத்தார். பிரம்மகுப்தர்மீது பெருமதிப்பு கொண்டிருந்த அவர், சாக்ரடீஸுக்கு நேர்ந்தது போன்ற கதிக்கு அஞ்சி அவ்வாறு எழுதியிருக்கலாம் என்று கருதினார். மார்க்சிய அறிஞர் தேவிபிரசாத் சட்டோபாத்யாயா பண்டைய இந்திய அறிவியலைப் பற்றிய ஆய்வில் இந்நிகழ்வுக்கு முக்கிய இடம் தந்தார். வானத்தை அளக்கத் தெரிந்த ஓர் அறிஞர், தம் அளவீட்டின் முடிவைப் பொதுவெளியில் சொல்ல இயலாத சமூக அமைப்பு இங்கே நிலவியது என்பதே அவர் காட்டிய உண்மை.

தமிழ் மண்ணிலும் இக்கதைக்கு ஓர் அத்தியாயம் உண்டு. 1825இல் ஜான் வாரன் 'கால சங்கலிதம்' நூலைச் சென்னையில் வெளியிட்டார். புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணித்த ஒருவர், தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களின் துணையுடன் அவ்வாண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். கிரகணத்தின் தொடக்கத்தில் பிழை 4 நிமிடமே. நடுப்பகுதியில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். அவர் கையாண்ட கணித முறையின் தொலைதூர வேர் பாபிலோன் வரை செல்வதை அறிவியல் வரலாற்றாளர் நாய்கேபவர் 1952இல் எடுத்துக்காட்டினார். களிமண் பலகையிலிருந்து சோழிவரை அறிவு எந்த எல்லைக்கும் கட்டுப்படாமல் பயணம் செய்திருக்கிறது. ஆனால் அந்தக் கணிதக்காரருக்குக் கோட்பாடு தெரியாது என்று வாரன் பதிவு செய்கிறார். 'எப்படி' என்பது கையில் மிஞ்சியது, 'ஏன்' என்பது காணாமற்போயிற்று.

இன்று எல்லாம் வேதத்திலேயே இருந்தது என்று முழங்குவோர் ஆரியபடரின் பெயரையும் உச்சரிக்கிறார்கள். அவரைத் தாக்கிய வாதத்தையும் காப்பாற்றுகிறார்கள். 2021இல் ஒரு மத்தியப் பல்கலைக்கழகம் சோதிடத்தில் முதுகலைப் படிப்பைத் தொடங்கியது. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று அரசியல் சாசனத்தின் 51ஏ (எச்) பிரிவு கூறுகிறது. அக்கடமையைச் செய்த நரேந்திர தாபோல்கர் 2013 ஆகஸ்ட் 20 அன்று புனேயில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2015 பிப்ரவரியில் கோலாப்பூரில் சுடப்பட்ட தோழர் கோவிந்த் பன்சாரே சில நாள்களில் உயிர் நீத்தார். பிரம்மகுப்தரை வாய்மூட வைத்ததாக அல்பிரூனி ஐயுற்ற அச்சம் பழங்கதை ஆகிவிடவில்லை.

தோழர்களே, ஆயினும் மாற்றம் நிகழாமல் இல்லை. 1980 பிப்ரவரி 16 அன்று முழுச் சூரிய கிரகணம் நிகழ்ந்தபோது நாட்டின் பல நகரங்களில் தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்தன. 2019 டிசம்பர் 26 அன்று கங்கண கிரகணம் தமிழ்நாட்டின் மீது கடந்தபோது, பள்ளிக் குழந்தைகள் திடல்களில் வரிசையில் நின்று வடிகட்டிக் கண்ணாடி வழியாகச் சூரியனைப் பார்த்தார்கள். அறிவியல் இயக்கத் தொண்டர்களும் ஆசிரியர்களும் பல ஆண்டுகள் பாடுபட்டதன் பயன் அது.

அடுத்த கிரகணத்தின்போது ஒவ்வொரு கிளையும் செய்யக்கூடிய பணி ஒன்று உண்டு. சூரியனை வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது என்பதை முதலில் சொல்ல வேண்டும். பிறகு ஓர் அட்டையில் ஊசியால் துளையிட்டு, அதன் வழியே விழும் பிறை வடிவ ஒளியை வெள்ளைத் தாளில் காட்ட வேண்டும். கருவுற்ற பெண்ணை அறைக்குள் அடைத்து வைக்கும் பாட்டியை ஏளனம் செய்யக் கூடாது. அந்த அச்சத்தை அவர் உருவாக்கவில்லை, சுமக்க மட்டுமே செய்கிறார். அவரையும் வாசலுக்கு அழைத்துவந்து, மரத்தடியில் இலைகளின் இடைவெளி வழியே விழும் நூறு குட்டிப் பிறைகளைக் காட்ட வேண்டும். உழைத்தவர்களின் தேவையிலிருந்து பிறந்த அறிவு அவர்களிடமே திரும்பிச் செல்வதற்கு, அந்த வாசற்படியும் ஒரு வழி.