குளிரும் ரயரின் காற்றும்



கொள்ளுப்பிட்டியிலே குளிர் என்னும் சொல்லுக்கு அதிக வேலையில்லை. தை மாதத்திலும் அங்கே பகல் வெப்பநிலை 30 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்கும். ஆனால், காலையிலே காலி வீதியிலிருந்து புறப்படும் மோட்டார் வண்டி மாலைக்குள் நுவரெலியாவை அடைந்துவிடலாம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள அந்நகரில், தை, மாசி மாதங்களின் விடியற்பொழுதிலே வெப்பநிலை 10 பாகைக்கும் கீழே இறங்குவதுண்டு. புல்வெளிகளில் உறைபனி படிவதுமுண்டு.

அத்தகைய விடியலில் வண்டியை இயக்கும் சாரதியின் முன்னே, குதிரை லாடம் போன்ற வடிவினுள் வியப்புக்குறி இட்ட ஒரு மஞ்சள் விளக்குச் சில வேளைகளில் எரிகின்றது. ரயரில் காற்றின் அமுக்கம் குறைந்துவிட்டது என்பது அதன் பொருள். “குளிருக்கு அப்படித்தான் எரியும்” என்று சொல்லிப் புறப்படுவோர் பலர். சிறிது தூரம் ஓடியதும் ரயர் சூடேறி, விளக்கும் அணைந்துவிடக்கூடும். தாம் சொன்னதே சரியென அவர்கள் எண்ணிக்கொள்வர். அவ்வெண்ணம் எவ்வளவு பொருத்தமானது என்பது ஆராயத்தக்கது.

இவ்விளக்கு வழக்கத்துக்கு வந்த வரலாறு துயரமானது. ஐக்கிய அமெரிக்காவில், பயர்ஸ்டோன் ரயர்கள் பூட்டிய போர்ட் எக்ஸ்புளோரர் வண்டிகள் பல, ஓடும்போதே ரயரின் மேற்பட்டை கழன்று புரண்டன. 250-க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2000 ஆம் ஆண்டிலே 65 இலட்சம் ரயர்கள் மீளப்பெறப்பட்டன. அவ்வாண்டிலேயே நிறைவேறிய சட்டத்தின் பயனாக, 2007 ஆம் ஆண்டு செப்டெம்பர் முதல் அந்நாட்டிலே செய்து விற்கப்படும் புதிய இலகுரக வாகனம் ஒவ்வொன்றிலும் இவ்வெச்சரிக்கை விளக்கு இருத்தல் வேண்டும் என்பது விதியாயிற்று. குறித்த அளவிலிருந்து காற்றமுக்கம் காற்பங்கு குறைந்தால் விளக்கு எரியவேண்டும் என்பது அவ்விதியின் சாரம். சதுர அங்குலத்துக்கு 32 இறாத்தல் இருக்கவேண்டிய ரயரிலே 24 இறாத்தலே அந்த எல்லையாகும்.

இனிக் குளிரின் பங்கைக் கணக்கிட்டுப் பார்ப்போம். அடைபட்ட காற்றின் அமுக்கம் வெப்பத்தோடு ஏறி, குளிரோடு இறங்கும் என்பதை, ஏறத்தாழ 1700 ஆம் ஆண்டளவிலே அமொந்தோன் என்ற பிரெஞ்சு அறிஞர் ஆராய்ந்து காட்டினார். கொள்ளுப்பிட்டியிலே 32 இறாத்தல் காட்டும் ரயரினுள், வளிமண்டல அமுக்கத்தையும் சேர்த்தால், உள்ளது ஏறத்தாழ 47 இறாத்தல். வெப்பநிலை 30 பாகையிலிருந்து 10 பாகைக்கு இறங்கும்போது இதிலே பதினைந்தில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 3 இறாத்தல், குறையும். ஆகவே 32 என்பது 29 ஆகும், 24 ஆகாது.

மலையின் உயரமும் இங்கே ஒரு வேலை செய்கின்றது. நுவரெலியாவிலே வெளிக்காற்றின் அமுக்கம் கொழும்பிலுள்ளதைவிட ஏறத்தாழ 3 இறாத்தல் குறைவு. வெளியே தாங்குவது குறைந்தமையால், கையிலே பிடிக்கும் அமுக்கமானி அங்கும் ஏறத்தாழ 32 என்றே காட்டும். ரயருக்குள் பொருத்திய உணரிகளிற் சில இந்த உயரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. எனினும், அவற்றுக்கும் 29 இறாத்தலே தெரியும். விளக்கு எரிய அது போதாது.

அவ்வாறாயின், எரிந்த விளக்குக்குக் காரணம் யாது? கொழும்பிலே புறப்படும்போதே அந்த ரயரில் 27 இறாத்தலோ அதற்குக் குறைவோ இருந்திருக்கலாம். அல்லது வழியிலே ஓர் ஆணி தைத்திருக்கலாம். குளிர் செய்ததெல்லாம், முன்னரே இருந்த குறையை வெளிக்காட்டியது மட்டுமே. காற்றுக் குறைந்த ரயர் உருளுந்தோறும் அதிகமாக நசுங்கி மீள்கின்றது. அதனால் உள்ளே சூடேறிப் பலம் இழக்கின்றது. குடும்பத்தையும் பொதிகளையும் ஏற்றிக்கொண்டு இறம்பொடை வளைவுகளில் இறங்கி, வெயில் காயும் சமவெளி வீதியை அடையும்போது, அந்தப் பலவீனம் உயிருக்கே ஆபத்தாகலாம். விளக்கு அணைந்தது ரயர் சூடேறியமையால். குறை தீர்ந்தமையால் அன்று.

ஆகவே, விளக்கு எரிந்தால் முதலில் நான்கு ரயர்களையும் கண்ணாற் பார்த்தல் வேண்டும். பின்பு, அருகிலுள்ள எரிபொருள் நிலையத்திலே அளந்து, சாரதியின் கதவோரத்திலே குறித்துள்ள அளவுக்குக் காற்று நிரப்புதல் வேண்டும். வண்டி மூன்று மணி நேரமாவது ஓடாது நின்றபின் அளப்பதே சரியானது. மலையேறிய சூட்டோடு அளந்து, கூடிவிட்டதென்று காற்றைத் திறந்துவிடுவோர், விடியலிலே தாமே அந்த விளக்கை ஏற்றியவராவர். நிரப்பிய ரயர் சில நாளில் மீண்டும் குறையுமாயின், அது ஒட்டுவேலைக்குரியது.

விளக்கு ஒரு நிமிடமளவு விட்டுவிட்டு மின்னிப் பின்னர் நிலையாக எரிந்தால், பெரும்பாலும் பழுது உணரியிலாகும். அதன் மின்கலம் தீர்ந்திருக்கலாம். அப்போதும் அமுக்கமானியால் அளப்பதைக் கைவிடலாகாது.

பயணத்துக்கு முதல்நாள், கொழும்பிலேயே ஐந்து நிமிடம் செலவிட்டு, மேலதிக ரயரையும் சேர்த்து அளந்துகொள்வோர், மலைநாட்டின் குளிரை அச்சமின்றி அனுபவித்துத் திரும்பலாம்.