உதவியா, பாக்கியா?

(கோவில்பட்டியில் நடந்த தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)



கோவில்பட்டி ஜனங்களுக்கு விளையாட்டைப் பற்றி நாம் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஹாக்கி மட்டை இல்லாத தெரு இந்த ஊரில் கிடையாது. ஆனால் இன்றைக்குச் சொல்ல வந்தது ஹாக்கிக்காரர் கதை அல்ல. குத்துச்சண்டைக்காரர் ஒருவரின் கதை. பெயர் கௌர் சிங். பஞ்சாப்காரர்.

சங்ரூர் ஜில்லாவில் கனால் குர்த் என்று ஒரு கிராமம். அங்கே சிறு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1971-ல், இருபத்து மூன்று வயதில், ஏரை விட்டுப் பட்டாளத்தில் சேர்ந்தார். வாலிபன் ஏன் பட்டாளத்துக்குப் போகிறான் என்று வானம் பார்த்த கரிசல் பூமிக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அதே வருஷம் யுத்தம் வந்தது. ராஜஸ்தானில் பார்மர் முனையில் நின்றார். சேனா பதக்கம் கொடுத்தார்கள்.

கையுறை மாட்டியது அதற்கும் பிறகுதான், 1977-ல். முப்பதை நெருங்கும் வயது! மற்றவர்கள் விட்டுவிட்டுப் போகிற வயதில் இவர் ஆரம்பிக்கிறார். இரண்டே வருஷத்தில் தேசிய சாம்பியன். 1980-ல் பம்பாயில் ஆசிய சாம்பியன். 1982-ல் டில்லி ஆசிய விளையாட்டில் ஹெவிவெயிட் தங்கம். பின்னாலேயே அர்ஜுனா விருது, பத்மஸ்ரீ. 1984-ல் லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்குக்குப் போய்ப் பதக்கம் இல்லாமல் திரும்பினார். அத்துடன் ஓய்வு.

முகம்மது அலியை உங்களுக்குத் தெரியும். வியத்நாம் யுத்தத்துக்குப் போகமாட்டேன் என்று 1967-ல் மறுத்து, உலகப் பட்டத்தையே பறிகொடுத்த மனிதர். அவர் 1980-ல் இந்தியா வந்தார். சென்னை நேரு ஸ்டேடியத்திலும் ஜனங்கள் அவரைப் பார்த்தார்கள். அதற்கு முன் ஜனவரியில் டில்லியில் அவர் எதிரே நாலு சுற்று நின்றவர் நம் கௌர் சிங். காட்சிக்காக நடந்த சண்டைதான். ஆனாலும் அலியின் கையல்லவா! வலது கையால் தடுப்பார், அதே வலது கையால் அடியும் விழும் என்று வெகுகாலம் கழித்தும் சொல்லிக்கொண்டிருந்தார்.

சரி, விஷயத்துக்கு வருவோம். டில்லித் தங்கத்துக்காகப் பஞ்சாப் சர்க்கார் ஒரு லட்சம் ரூபாய் பரிசு என்று அறிவித்தது. அறிவித்ததோடு சரி. முப்பது வருஷத்துக்கு மேலாகியும் அந்தப் பணம் அவர் கைக்கு வரவில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1982-ல் பத்து கிராம் தங்கம் 1,700 ரூபாய்க்குள். ஒரு லட்சத்துக்கு ஏறக்குறைய 75 பவுன் வாங்கலாம். 2017-ல் பத்து கிராம் 29,000-ஐத் தொட்டுவிட்டது. அதே ஒரு லட்சத்துக்கு நாலு பவுன் சொச்சம். இந்த எழுபது பவுனைத் திருடியவன் யார்? ஒரு திருடனும் வரவில்லை. கோப்பு மேசையில் கிடந்தது, அவ்வளவுதான்.

ஊர் திரும்பி விவசாயம் பார்த்த மனிதருக்கு இருதயக் கோளாறு வந்தது. ராணுவம் 3 லட்சம் கொடுத்தது. போதாததற்குத் தனியார் லேவாதேவிக்காரரிடம் 2 லட்சம் கடன். 2017 டிசம்பரில் பத்திரிகைகள் இதை எழுதின. உடனே மத்திய சர்க்கார் 5 லட்சம் ஒதுக்கியது. நலிந்த வீரருக்கு உதவிக்கரம் என்று எல்லோரும் புகழ்ந்தார்கள்.

அந்த 5 லட்சத்தைக் குறை சொல்ல நாம் வரவில்லை. கடன்பட்டவனுக்கு அது பெரிய தொகை. ஆனால் "உதவி" என்ற சொல் இருக்கிறதே, அதுதான் நம் காதில் குத்துகிறது.

ஒரு சகோதரர் நம்மிடம் கேட்டார்: "அவருக்கு நிலம் இருந்தது, பட்டாளத்தில் வேலை பார்த்தவர், பிச்சைக்காரர் அல்லவே, பிறகென்ன புகார்?" நியாயமான கேள்வி. பிச்சைக்காரர் அல்ல என்பதைத்தான் நாமும் சொல்கிறோம். ஏழையா, பணக்காரரா என்பதே இங்கே பேச்சில்லை. வாக்குக் கொடுத்த தொகை பாக்கி. பாக்கிக்காரனை நோயாளியாக்கி, பத்திரிகையில் படம் போட்டு, பிறகு தர்மம் செய்வது என்ன முறை?

மில் தொழிலாளிக்கு இந்த வித்தியாசம் தெரியும். முப்பது வருஷம் பஞ்சுத் தூசியில் நின்றவன் வாங்குகிற கிராஜுவிட்டி முதலாளியின் தயவல்ல. 1972-ல் சட்டம் வந்தது. முப்பது நாளைக்குள் கொடுக்க வேண்டும், தாமதித்தால் வட்டியும் சேர வேண்டும் என்று பின்னால் திருத்தமும் வந்தது. வட்டி என்ற ஒரு வார்த்தை ஏட்டில் ஏறிய பிறகுதான் பல கணக்கப்பிள்ளைகளுக்குக் காது கேட்க ஆரம்பித்தது! கௌர் சிங்கின் ஒரு லட்சத்துக்கு வட்டி கேட்க யார் இருந்தார்கள்? விளையாட்டுக்காரனுக்கு ரசிகர் உண்டு, கைதட்ட ஆள் உண்டு. சங்கம் இல்லை.

2022-ல் அவர் கதையைப் பஞ்சாபியில் சினிமாவாக எடுத்தார்கள். 2023-ல் பஞ்சாப் சர்க்கார் அவர் வாழ்க்கையை ஒன்பது, பத்தாம் வகுப்புப் பாடப்புத்தகத்தில் சேர்த்தது. அந்த வருஷம் ஏப்ரல் 27-ந் தேதி குருக்ஷேத்திரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். வயது 74.

தோழர்களே, நம் தீப்பெட்டித் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளும் மில் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளும் இன்றைக்கு ஹாக்கி மைதானத்தில் ஓடுகிறார்கள். நாளைக்கு ஜெயித்து வருவார்கள். மாலை போடுவார்கள், மேடையில் தொகை அறிவிப்பார்கள். அந்தச் செய்தி வந்த பத்திரிகையைத் தேதியோடு வெட்டி வையுங்கள். உத்தரவு எண் கேட்டு எழுதுங்கள். சங்க அலுவலகத்தில் இதற்கென்றே ஒரு நோட்டுப் போட்டிருக்கிறோம். கூட்டம் முடிந்து போகும்போது, பிள்ளைக்கு ஏதாவது வரவேண்டியிருந்தால் பெயரைப் பதிந்துவிட்டுப் போங்கள்.